மூன்றாம் அடி

செவ்வாய், வியாழன் மாலைகளில் கற்பிக்கிறேன்.
மற்ற நாட்களில் யாருடைய பாட்டுக்காவது வாசிக்கிறேன்.
அட்டையில் என் பெயர் வந்ததில்லை.
ரசீதில் வரும்,
வரி எண்ணோடு.

வுப்பர்தாலில் என் வகுப்பறை
பழைய போர்க்காலப் பதுங்கு கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளம்.
ஒன்றரை மீட்டர் கான்கிரீட்.
குண்டுக்குப் பயந்து எழுப்பிய சுவர்
இப்போது தெருவை எங்களிடமிருந்து காப்பாற்றுகிறது.
வாடகை நூற்றைம்பது. ஈரம் இலவசம்.

ஓட்மர் ப்ரிங்க்மன், ஐம்பத்தெட்டு வயது,
நகரப் பேருந்து ஓட்டுநர்.
பணி முடிந்து சீருடையோடு வருவார்.
கைகள் நல்ல கைகள்.
வலது கால்தான் சொன்னபடி கேட்காது.
மூன்றாம் அடியை எங்கே வைப்பது என்று கேட்டவனைப் போல
ஒரு கணம் காற்றில் நின்றுவிட்டு
பாஸ் டிரம்மைத் தொடும்.
ஒரு மயிரிழைதான் பிந்தும்.
ஒவ்வொரு சுற்றிலும் அதே மயிரிழை.

"கால் தூங்குகிறதா?" என்றேன்.

"பிரேக் போட்டுப் பழகிய கால்.
மேட்டுத் தெருக்களில் வண்டி நிறைய ஆள் நிற்பார்கள்.
சட்டென்று மிதித்தால்
முட்டைப் பெட்டியோடு யாராவது விழுவார்கள்."

மெட்ரோனோமை எழுபத்தாறில் வைத்து
பதினொரு வாரம் அந்தக் காலோடு மல்லுக்கட்டினேன்.

இடையில் கொலோனில் ஒரு பதிவு.
டிரம்மைக் காரில் ஏற்ற நாற்பது நிமிடம்,
காரை நிறுத்த இடம் தேடி இருபது.
ஹெட்போனில் கிளிக், கிளிக்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஃபால்கோ சொன்னான்:
"எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் தொந்தரவு.
இதை இயந்திரமே சும்மா வாசித்துவிடும்."

நான்காம் டேக். ஆறாவது. ஒன்பதாவது.
பாட்டுக்காரி சோபாவில் படுத்துக் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பத்தாவதில் நான் மேட்டுத் தெருவில் இறங்கினேன்.
மூன்றாம் அடி வரவேண்டிய இடத்தில்
யாரோ கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறார்கள் என்று எண்ணி
மெல்ல மிதித்தேன்.

பாட்டுக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

இருநூற்று எண்பது யூரோ, பெட்ரோல் தனி.
திருடிய பொருள் காலுக்குள் இருந்தது.
எந்தச் சோதனையிலும் அகப்படாது.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.
வாய் திறப்பதற்குள் அவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
மயிரிழையைக் காணோம்.
"டிப்போ ஓய்வறையில்
காலணிப் பெட்டியை மிதித்தே பழகினேன்" என்றார்.
அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.
கைதட்டினேன்.
வேறென்ன செய்ய,
அதற்குத்தானே மணிக்கு முப்பத்தைந்து வாங்குகிறேன்.

வசந்தத்தில் பாட்டு வெளியானது.
பல் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பறையில் கேட்டேன்,
தயிர் எடுக்கப்போன கடையில் கேட்டேன்.
ஜூனில் ஓட்மர் கைபேசியை நீட்டினார்.

"இதைக் கேளுங்கள்.
இவனுக்கு மூன்றாம் அடி பிந்துகிறது.
என்னைப் போல. பழைய என்னைப் போல."
சிரித்தார்.
"இவனை யாராவது உங்களிடம் அனுப்பக்கூடாதா?"

இவன்.

ஸ்னேரின் திருகு ஒன்றை இறுக்கினேன்.
ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.
"சேர்ந்து வாசித்துப் பாருங்கள்" என்றேன்.
வாசித்தார், பிசகே இல்லாமல்.
ஒவ்வொரு சுற்றிலும் அவர் முதலில் போய்ச் சேர,
நான் ஒரு மயிரிழை பின்னால் வந்துகொண்டிருந்தேன்
அவர் கைபேசிக்குள்ளிருந்து.

அன்றிரவு அவருடைய கடைசி நடையில் ஏறினேன்.
இருக்கைகள் காலியாகக் கிடந்தன. உட்காரவில்லை.
இறக்கத்தில், மருந்துக்கடை நிறுத்தத்துக்கு முன்,
கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

வண்டி நின்றது.
நான் விழவில்லை.